இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில். கற்றுக்கொள்ள வந்தவர் கை கால் உதறி, நேரே போய்ச் சுவரைக் கட்டிப்பிடிக்கப் போகிற நேரத்தில் அந்த இரண்டாவது பிரேக்தான் எல்லோரையும் காப்பாற்றும். மாஸ்டர் அதை மிதித்தே காலத்தை ஓட்டியவர். வண்டியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இந்தத் தேசத்துக்கே இரண்டாவது பிரேக் தன் காலடியில்தான் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பை வளர்த்துவிட்டது சபைதான். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே தேசத்துக்கான ஜெப ஞாயிறு வரும். அன்று பிரசங்கத்துக்கு முன்னால் சபையார் ஒருவர் மைக்கின் முன் நின்று, தேசத்தின் பாவங்களை ஆண்டவரிடம் அறிக்கையிட வேண்டும். அந்த ஒருவர் வெகு காலமாக மாஸ்டர்தான். “ஆண்டவரே, இந்த ஜனங்களைப் பாரும்!” என்று ஆரம்பித்தாரென்றால் லஞ்சம், குடி, பொய், கலப்படம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதையும் தொழில் பாசத்தில் சேர்த்துக்கொள்வார். ஒலிபெருக்கி கீச்சிடும், தொட்டிலில் கிடக்கிற குழந்தை வீறிடும், முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெளியே வரும்போது யாராவது கையைப் பிடித்து, “மாஸ்டர், இன்னிக்கு தேசத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டீங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது.

இந்த வருஷம் போதகர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தார். வாலிபர் கூட்டம், தண்ணீர்த் தொட்டி கழுவுவது, அப்புறம் இது: “வர்ற ஞாயிறு தேசத்துக்கான அறிக்கை ஜெபத்தை நம்ம இன்ஸ்பெக்டர் தம்பி நடத்துவார்.”

எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தபடியே தலையாட்டினால் போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்த மனைவி சந்தோஷமாக அவர் முழங்கையை இடித்தாள். “பாத்தீங்களா, நம்ம வீட்டு மனுஷன்!”

நம்ம வீட்டு மனுஷன்தான், சந்தேகமில்லை. மாஸ்டர் மனைவியின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டிய சகலை. மோட்டார் வாகன ஆபீசில் லைசென்சுக்கு டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர். கொஞ்ச நாள் முன்புவரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முதல் ஆபீசில் கவர் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஓட்டத் தெரிந்தவன் பாஸ், தெரியாதவன் ஃபெயில். இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயத்தை ஊரே வாய் ஓயாமல் பேசியது. சபைக்கே வராதவர்கள்கூட, “இப்படி நாலு பேர் இருந்தா நாடு உருப்பட்டுடும்” என்றார்கள்.

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது அங்கேதான். இத்தனை வருஷம் தேசத்தின் எல்லாப் பாவத்தையும் தொண்டை கிழியச் சொன்னவர் அவர். நாடு உருப்படும் என்று அவரை வைத்து ஒருவரும் சொன்னதில்லை. இந்த ஆள் ஒரே ஒரு பாவத்தை, அதுவும் தான் செய்துகொண்டிருந்த பாவத்தை நிறுத்தினான், அதற்கு மாலை மரியாதையா? அப்படியானால் ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக இருந்தவன் எல்லாம் ஏமாளியா? பொறாமை என்ற வார்த்தையை மட்டும் அவர் பக்கத்தில் அண்டவிட மாட்டார். மனைவி கேட்டபோது, “மனசுல ஒரு பாரம்” என்றார். பாரம் என்றால் சபையில் அதற்கு மரியாதை உண்டு.

திங்கட்கிழமை சாயங்காலம் இன்ஸ்பெக்டரே வீடு தேடி வந்தார். உட்கார்ந்தவர் டீயைத் தொடக்கூட இல்லை.

“அண்ணே, எனக்கு மைக்கைப் பாத்தாலே கை நடுங்குது. பாஸ்டர் கேட்டப்ப முடியாதுன்னு சொல்ல வாய் வரல. நீங்களே பண்ணிடுங்கண்ணே. நான் போய்ச் சொல்லிடறேன்.”

ஆசைப்பட்டது வீடு தேடி வந்திருக்கிறது. ‘சரி தம்பி’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆள் விட்டுக்கொடுத்து இவர் வாங்கிக்கொள்வதா? அது அதைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது.

“கர்த்தர் உங்களத் தெரிஞ்செடுத்திருக்காரு தம்பி. நடுவுல நிக்க நான் யாரு?” என்றார் மாஸ்டர், முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே நம்பிவிட்டார். கண் கலங்கியது. “உங்க மனசு யாருக்கு வரும்? நான் ஆபீஸ்லயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். மத்த ஸ்கூல் பசங்க ரிவர்ஸ்னா கம்பத்தை இடிச்சுட்டுத்தான் இறங்குவாங்க. உங்க பசங்க மட்டும் தங்கம். நூல் பிடிச்ச மாதிரி உள்ள போவாங்க. சொல்லிக்கொடுக்கிற விதம் அப்படி.”

மாஸ்டர் டீயை உறிஞ்சினார். சொல்லிக்கொடுக்கிற விதம் என்ன என்பது அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் மட்டுமே தெரியும். டெஸ்ட் மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில், அவர் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார். தெரியாதவர் கண்ணுக்கு அது சுண்ணாம்புத் தெறிப்பு. தெரிந்தவருக்கு அதுதான் லைசென்ஸ். “கண்ணாடி புள்ளிக்கு நேரா வந்ததும் ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சுடு. மத்ததெல்லாம் யோசிக்காதே” என்பார். வேறு எந்தத் தெருவிலும் அந்தப் புள்ளி இருக்காது என்பதைப் பற்றி அவர் யோசித்ததில்லை. மழையில் மங்கும்போது தவறாமல் புதுப்பிப்பார். அதை அவர் பாவக் கணக்கில் சேர்த்ததே கிடையாது. தொழில் நுணுக்கம் என்று நினைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டரை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே புல்லரித்தது.

மனைவி லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். அவர் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தவர். பழகுவதற்கான எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுத்ததோடு சரி. எப்போதாவது பக்கத்தில் உட்கார வைத்தால், அவள் கிளட்சை எடுப்பதற்குள் இவர் பிரேக்கை மிதித்து வண்டியை அணைத்துவிடுவார். ஆக, அவளுக்கு ரிவர்ஸ் வராது. அவளை இந்த வாரமே டெஸ்ட்டுக்கு அனுப்பினால்? சகலை பாஸ் போட்டால் வேஷம் கலைந்தது, சொந்தக்காரிக்குச் சலுகை. ஃபெயில் போட்டால் அக்காவும் தங்கையும் சேர்ந்து அந்த ஆளை வீட்டில் இருக்க விடமாட்டார்கள். எப்படி விழுந்தாலும் அடி அவனுக்குத்தான்.

“வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்குப் போறியா?” என்று கேட்டார்.

அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “நிஜமாவா? என்னங்க, விளையாடாதீங்க.”

“நிஜமாத்தான்.”

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொண்டார்.

புள்ளியின் ரகசியத்தை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். சொல்லாமல் விட்டால் சந்தேகப்படுவாள் அல்லவா? அப்புறம் வியாழக்கிழமை மைதானத்துக்குப் போய் யாரும் பார்க்காத நேரத்தில் பழைய புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு முழம் தள்ளிப் புதிதாக ஒன்று வைத்தார். மறுநாள் அவர் ஸ்கூலிலிருந்து வேறு யாருக்கும் டெஸ்ட் இல்லை. புள்ளியை நம்பி ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி நேரே கம்பத்தில் போய் நிற்கும். கட்டின மனைவிக்கு இதைச் செய்கிற கையை அவர் ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை. பெயின்ட் டப்பாவை மூடிவிட்டு, வரும் வழியில் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே, கேட்டருகில் நின்றார். கூட வந்தவர்களை உள்ளே விடுவதில்லை. வண்டிச் சத்தம் கேட்டது. ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டது. கம்பம் விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அது மட்டும் கேட்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. அவள் ஓடி வந்தாள். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக.

“பாஸுங்க! பாஸ்!”

மாஸ்டரும் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், அதுவரை இல்லாத நிம்மதியோடு. மாட்டிக்கொண்டான்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆராதனைக்கான ஏற்பாடுகளுக்காகச் சபைக் கமிட்டி கூடுவது வழக்கம். கோயிலை ஒட்டிய சின்ன அறை. அங்கி மாட்டுகிற ஆணிகள், உடைந்த ஹார்மோனியம், மடக்கு நாற்காலிகள். போதகர், பொருளாளர், இரண்டு மூப்பர்கள், புதிதாக அழைக்கப்பட்டு ஓரத்தில் கூச்சத்தோடு இன்ஸ்பெக்டர். மாஸ்டர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“எனக்கு இதச் சொல்ல மனசே இல்ல பாஸ்டர். ஆனா தேசத்தோட பாவத்த அறிக்கை பண்ண நிக்கிறவங்க கை சுத்தமா இருக்கணுமா இல்லையா?”

“இருக்கணும்” என்றார் போதகர். அவர் அதிகம் பேசாத மனிதர். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

“நேத்து என் சம்சாரத்துக்கு லைசென்ஸ் டெஸ்ட். பாஸ் போட்டிருக்காரு தம்பி. என் பொண்டாட்டிக்கு வண்டிய ரிவர்ஸ் எடுக்கவே வராது பாஸ்டர். சத்தியமாச் சொல்றேன், ஒரு முழம் பின்னால போகத் தெரியாது. கொழுந்தியா புருஷனாச்சேன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தா, அப்புறம் நாடு எப்படி உருப்படும்?”

மாஸ்டருக்கு எதிரே, கதவருகில், கேக் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தாள். லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் கமிட்டிக்குக் கொடுக்கலாம் என்று வாங்கி வந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார். “அண்ணே, அக்காவ நான் டெஸ்ட் எடுக்கல. சொந்தம் ஆச்சேன்னு பக்கத்து ஆபீஸ் மேடத்தை வரச் சொல்லியிருந்தேன். நான் ஆபீஸ் ரூம்லதான் இருந்தேன்.”

மாஸ்டர் அதற்கும் அசரவில்லை. “அந்தம்மா உங்களுக்காகத்தான் போட்டிருப்பாங்க! வண்டி ஓட்டத் தெரியாதவளுக்குப் பாஸ் எப்படி வரும்?”

மனைவி கேக் டப்பாவை ஹார்மோனியத்தின் மேல் வைத்தாள். கையை நீட்டினாள். “சாவியக் கொடுங்க.”

“இங்க எதுக்கு?”

“கொடுங்கன்னா கொடுங்க.”

எல்லோரும் வெளியே வந்தார்கள். முற்றத்தில் மணிக்கூண்டுத் தூணுக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே ஓர் இடுக்கு. போதகரே அங்கே வண்டி விடப் பயப்படுவார். ஸ்கூல் வண்டியை அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள், அவசரமே இல்லாமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் ஓர் ஆள் நுழைகிற இடம் சரிசமமாக மிச்சம் இருந்தது. பொருளாளர் தன்னை மறந்து கை தட்டிவிட்டு, யாரும் சேர்ந்து தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

இறங்கி வந்தவள் மாஸ்டரைத்தான் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“காலங்காத்தால நீங்க தேசத்துக்காக ஜெபம் பண்ண இங்க நடந்து வந்துடுவீங்கல்ல? அப்பெல்லாம் வண்டி வீட்டுலதான நிக்கும். நானும் தங்கச்சியும் எடுத்துக்கிட்டுப் போயி பழகினோம். அவகிட்டதான் லைசென்ஸ் இருக்கே. பாஸ் ஆன பிறகு சொல்லி உங்கள அசத்தணும்னு இருந்தேன்.”

மாஸ்டர் இடுக்கில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

“நல்லவேளை, எனக்குப் பழக்கம் இருந்துச்சு. உங்க புள்ளிய நம்பியிருந்தா கம்பத்துலதான் போயி நின்னிருப்பேன்.” அவளுக்கு இப்போது ஆத்திரம் வேறு பக்கம் திரும்பியது. “எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் உங்க புள்ளிய நகர்த்தி வச்சிருக்கான்! பழசச் சுரண்டின தடம் பக்கத்துலயே தெரிஞ்சுச்சு. உங்க பசங்க எல்லாம் ஃபெயில் ஆகணும்னு. நான்தான் டெஸ்ட் முடிஞ்சதும் அதச் சுரண்டிட்டு, பைல இருந்த நெயில் பாலிஷ வச்சுப் பழைய இடத்துலயே ஒரு புள்ளி...”

சொல்லிக்கொண்டே வந்தவள் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்ன புள்ளி?” என்றார் பொருளாளர்.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் என்றும் நூல் பிடித்த மாதிரி என்றும் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் மாஸ்டர் பதிலுக்குக் கத்தியிருப்பார். பெரிய அண்ணனாக நினைத்திருந்தவரைத் தெருவில் வேறு கோலத்தில் பார்த்துவிட்டவனுடைய சங்கடம்தான் அதில் இருந்தது. “அந்தப் புள்ளிய நான் திங்கட்கிழமை அழிச்சுடறேண்ணே” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

போதகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “தம்பி, நாளைக்கு அறிக்கை ஜெபம்...”

“அண்ணனே பண்ணட்டும் பாஸ்டர். எனக்கு வேண்டாம்.”

“நானும் அதத்தான் நினைச்சேன்” என்றார் போதகர், மாஸ்டரைப் பார்த்து. “இவ்வளவு நாள் மத்தவங்க பாவத்தையே சொல்லிட்டீங்க. நாளைக்கு உங்களுக்குக் கொஞ்சம் சொந்தச் சரக்கு இருக்கும்.”

இவ்வளவு நடந்த பிறகும், மைக் தன் கைக்கு வந்துவிட்டது என்று மாஸ்டரின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. மனிதப் பிறவி அப்படி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மாஸ்டர் ஏறி நின்று மைக்கைத் தட்டிப் பார்த்தார். “ஆண்டவரே, இந்த ஜனங்களைப் பாரும்” என்று வழக்கம்போல ஆரம்பித்தார். குரலும் வழக்கம்போலவே கிளம்பியது. “லஞ்சம்” என்றார். அதை விட்டொழித்தவர் எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். “ஏமாற்று” என்றார். நடு வரிசையில் அவரிடம் படித்துப் பாஸான பெண் ஒருத்தி, இன்றுவரை தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பயந்து கணவனைக் கூப்பிடுகிறவள், கண்ணை மூடி “ஆமென்” என்றாள். “பொய்ச்சாட்சி” என்று சொல்ல வாயெடுத்தார். பொருளாளர் இருமினார்.

குரல் நின்றுவிட்டது. ஒவ்வொரு பாவத்துக்கும் இந்தக் கோயிலுக்குள்ளேயே ஆள் இருந்தது. பெரும்பாலும் ஒரே ஆள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். எத்தனை நிம்மதியாகக் குனிந்திருக்கிறான்! என்றைக்கோ கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அழுது தீர்த்துவிட்டான். மைக் இல்லை, கைதட்டல் இல்லை. இப்போது அந்த நாற்காலி மாஸ்டருக்கு வேண்டியிருந்தது. எவன் இடத்தைப் பிடுங்கி மேலே ஏறினாரோ, அவன் கீழே உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்து இப்போது ஏங்கினார்.

அவனுக்குப் பக்கத்தில் மாஸ்டரின் மனைவி. நேற்று வீட்டுக் கதவைத் திறக்கும்போது, “அந்தப் புள்ளிய நகர்த்தினவன் மட்டும் யாருன்னு தெரியட்டும்” என்றிருந்தாள். அவ்வளவு அவமானப்பட்ட பிறகும் அவருக்காகத்தான் கோபப்பட்டாள். இன்றும் அவர் சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அது மாஸ்டருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

சபை காத்திருந்தது. மைக் தகராறு என்று நினைத்து ஒருவர் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

“ஆண்டவரே,” என்றார் மாஸ்டர். ஒலிபெருக்கி கீச்சிடவில்லை, அவ்வளவு சின்னக் குரல். “அந்தப் புள்ளிய நகர்த்தினது நான்தான். என் சம்சாரம் தோக்கணும்னு நகர்த்தினேன். என் சகலை மேல பொறாமை.”

முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன புள்ளி, யார் தோற்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிய வேண்டியவள் தலையை நிமிர்த்தினாள். அவர் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் “ஆமென்” கூடச் சொல்லாமல் இறங்கி வந்தார். வாசலில் அன்று அவர் கையைப் பிடித்து யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் மட்டும் அருகில் வந்து, “வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி ஏற்கெனவே ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் ஏறினார். வண்டி கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பியது. கூட்டம், சைக்கிள்கள், குறுக்கே ஓடுகிற பிள்ளைகள். முனையில் ஒரு லாரி எதிரே வந்தது. அவர் கால் தன்னாலேயே நகர்ந்தது.

“அந்த பிரேக்ல இருந்து கால எடுங்க” என்றாள் அவள், பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்துவைத்துக்கொண்டார்.